ஸ்கேல் பழக பி மேஜர்ல ஆரம்பிச்சு பாருங்க

டீச்சர் இல்லாம வீட்லயே பியானோ பழகுற பெரியவங்க முக்காவாசி பேர் சி மேஜர் ஸ்கேல்ல (சி-ல ஆரம்பிச்சு வரிசையா ஏறுற எட்டு நோட்) தான் ஆரம்பிக்கிறாங்க, நோட்ஸ் படிக்க அது ஈஸி தான், ஆனா கைக்கு அது தான் கஷ்டம், எல்லாமே வெள்ளை கீ, கட்டைவிரல் அடியில நுழைய இடமே இருக்காது. பியானோ இசையமைப்பாளர் ஷோபின் தன்கிட்ட கத்துக்க வந்தவங்களுக்கு பி மேஜரைத் தான் முதல்ல குடுத்தாரு. அஞ்சு கருப்பு கீயும் வருதேன்னு பயப்படாதீங்க, நீள விரலெல்லாம் கருப்பு மேல உக்காந்துக்கும், கட்டைவிரலுக்கு ஈ, பி-ன்ற ரெண்டு வெள்ளை கீ மட்டும் தான். விரல் நம்பர்ல கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5; மேல ஏறும்போது வலது கை 1-2-3, 1-2-3-4, மேல பி-க்கு சுண்டுவிரல். இடது கை 4-3-2-1, 4-3-2-1.

கட்டைவிரலை கடைசி நேரத்துல வெடுக்குனு இழுக்காதீங்க, ரெண்டாவது விரல் அடிக்கும்போதே அது உள்ள நகர ஆரம்பிச்சிடணும், முழங்கை வெளிய தூக்கவே கூடாது (இதை எல்லாரும் பண்றோம்!). மெட்ரோனோம் (தாளம் தட்டுற கருவி) நிமிஷத்துக்கு 60 பீட், ஒரு பீட்டுக்கு ஒரு நோட், ரெண்டு கையும் தனித்தனியா. முன்கை இறுகுற மாதிரி இருந்தா உடனே நிறுத்திட்டு கையை உதறிட்டு வாங்க, வலியோட வாசிக்கிறது பிராக்டிஸே இல்ல.

சி மேஜரை அப்புறமா எடுத்துக்கலாம், அது எங்கயும் ஓடிடாது.