துல்லியத் துப்பாக்கி: கடையில் வாங்குவதா, சொல்லிச் செய்வதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் நெடுந்தொலைவுத் துப்பாக்கி சுடும் போட்டிகளில் புதிதாக இறங்குகிறவர்கள் பணத்தைச் சேர்த்து வைத்துவிட்டு முதலில் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். ஆலையில் செய்து கடைக்கு வருகிற துப்பாக்கியை வாங்குவதா, அல்லது ஆசாரியிடம் நகை சொல்லிச் செய்வதுபோல, குழல், ஆக்‌ஷன் (தோட்டாவை அறைக்குள் செலுத்திப் பூட்டும் இயக்கப் பகுதி), கட்டை, டிரிகர் என ஒவ்வொன்றையும் தாமே தேர்ந்தெடுத்து ஒரு கன்ஸ்மித்திடம், அதாவது துப்பாக்கிக் கைவினைஞரிடம், கொடுத்துச் செய்துகொள்வதா? முன்னது பெரும்பாலும் 1,000 முதல் 2,000 டாலருக்குள் முடிந்துவிடும். பின்னது 4,000 டாலரை எளிதாகத் தாண்டும். கைக்கு வர மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். விலையில் இவ்வளவு இடைவெளி இருப்பதாலேயே துல்லியத்திலும் அதே இடைவெளி இருக்கும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். நான் பார்த்தவரையில் மற்றத் தவறுகள் பெரும்பாலும் இந்த எண்ணத்திலிருந்து கிளைத்தவையே.

பழைய கணக்கை வைத்து இன்று முடிவெடுப்பது

இந்த எண்ணம் ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1962இல் வெளிவந்த ரெமிங்டன் 700 என்ற துப்பாக்கியைத்தான் பல பத்தாண்டுகளாக அமெரிக்கக் கன்ஸ்மித்துகள் மூலப்பொருளாக வைத்துக்கொண்டார்கள். ஆலையிலிருந்து வந்த ஆக்‌ஷனைப் பிரித்து, அதன் முகப்பைக் குழலின் அச்சுக்குச் செங்குத்தாகக் கடைந்து, மரைகளைத் திரும்ப வெட்டி, தோட்டா அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் தாங்குமுனைகள் இரண்டும் சமமாகப் பொருந்தும்படி தேய்த்து, அதன் பிறகே புதுக் குழலைப் பூட்டுவார்கள். ஆலையின் அளவுப் பிழைகளைக் கைவினைஞர் சரிசெய்தார். அந்த உழைப்புக்குத்தான் வாங்குகிறவர் பணம் கொடுத்தார்.

இன்று நிலைமை மாறிவிட்டது. பின்லாந்தில் சாக்கோ நிறுவனம் செய்யும் டிக்கா டி3 வரிசை 2003இல் சந்தைக்கு வந்தது. ரூகர் நிறுவனம் 2015இல் தன்னுடைய பிரிசிஷன் ரைஃபிளைக் கொண்டுவந்தது; மடக்கும் சேசிஸ் (கட்டைக்குப் பதிலான உலோகச் சட்டம்), கழற்றக்கூடிய மேகசின் (தோட்டாப் பெட்டி), கனத்த குழல் எனப் போட்டியாளர்கள் தனித்தனியாக வாங்கிப் பூட்டிக்கொண்டிருந்தவை அதில் ஆலையிலேயே சேர்ந்து வந்தன. நல்ல போட்டித் தோட்டாவைக் கொடுத்தால் இப்படிப்பட்ட துப்பாக்கிகள் பெரும்பாலும் ஒரு எம்ஓஏ அளவுக்குள் சுடுகின்றன. ஒரு எம்ஓஏ என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கான கோணம்; 100 கெஜத்தில் அது 1.047 அங்குலம். ஆலைத் துப்பாக்கியால் நெடுந்தொலைவில் அடிக்க முடியாது என்று இன்றும் சொல்கிறவர், முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய அனுபவத்தைச் சொல்கிறார்.

அதே பழைய கணக்கின் இன்னொரு முகம், பழைய ஆக்‌ஷனை மலிவாக வாங்கிச் சரிசெய்துகொள்ளலாம் என்ற ஆசை. கடைசல் கூலி, புதிய போல்ட் பாகங்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், கணினி வழி இயந்திரத்தில் தொடக்கத்திலேயே நேராக வெட்டப்பட்ட புதிய ஆக்‌ஷன் ஒன்றின் விலைக்கு அது மிக அருகில் வந்து நிற்கும். ஏற்கெனவே கையில் இருக்கும் துப்பாக்கியைச் சரிசெய்வதில் பொருள் உண்டு. சரிசெய்வதற்கென்றே ஒன்றைத் தேடி வாங்குவதில் இல்லை.

மூன்று குண்டுகளை நம்புவது

விளம்பரங்களில் வரும் உத்தரவாதங்களும் நண்பர்கள் கைப்பேசியில் காட்டும் படங்களும் பெரும்பாலும் மூன்று குண்டுகள் விழுந்த இடத்தைத்தான் காட்டுகின்றன. மூன்று துளைகள் ஒரு நாணயத்துக்குள் அடங்கியிருப்பதைப் பார்த்ததும் மனம் முடிவெடுத்துவிடுகிறது. ஆனால் மூன்று குண்டுகள் ஒரு துப்பாக்கியைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. குண்டுகள் விழும் சிதறல் புள்ளியியல் விதிப்படியே நடப்பதால், எண்ணிக்கை கூடக்கூட விரிவும் கூடும். ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா, ஒரே கை என்று வைத்துக்கொள்ளுங்கள்: மூன்று குண்டுகளின் விரிவு சராசரியாக ஓர் அங்குலம் என்றால், ஐந்து குண்டுகளுக்கு அது ஏறத்தாழ 1.27 அங்குலமாகவும், பத்துக்கு ஏறத்தாழ 1.58 அங்குலமாகவும் இருக்கும். துப்பாக்கியில் எதுவும் கெட்டுப்போகவில்லை; முதலில் பார்த்தது முழு உண்மையாக இல்லை, அவ்வளவுதான். ஆகவே ஆலைத் துப்பாக்கி ஒன்றின் பத்துக் குண்டு முடிவையும், சொல்லிச் செய்த துப்பாக்கி ஒன்றின் மிகச் சிறந்த மூன்று குண்டுப் படத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடுகிறவர் தம்மையறியாமல் ஏமாறுகிறார். விற்பவரிடம் கேட்க வேண்டியது, தொடர்ந்து சுட்ட பத்துக் குண்டுகளின் தாளை. அதுவும் எந்தத் தோட்டாவில் சுட்டது என்ற விவரத்தோடு.

சரி, சொல்லிச் செய்த துப்பாக்கி உண்மையிலேயே அரை எம்ஓஏ சுடுகிறது என்றே எடுத்துக்கொள்வோம். 1,000 கெஜத்தில் ஒரு எம்ஓஏ சுடும் துப்பாக்கியின் சிதறல் சுமார் பத்தரை அங்குல வட்டம். அரை எம்ஓஏ என்றால் சுமார் ஐந்தேகால் அங்குலம். அதே தொலைவில், மணிக்கு 10 மைல் வேகத்தில் பக்கவாட்டில் வீசும் காற்று, 6.5 கிரீட்மோர் தோட்டாவின் குண்டை ஏறத்தாழ 6 அடி தள்ளிவிடும். காற்றின் வேகத்தை 2 மைல் தவறாகக் கணித்தால் போதும், குண்டு ஓரடிக்கும் மேல் விலகி விழும். கூடுதலாகக் கொடுத்த ஆயிரக்கணக்கான டாலர் வட்டத்தின் அளவைப் பாதியாக்கியது உண்மைதான். அந்த வட்டம் இலக்கின் மேல் விழுமா, பக்கத்து மண்மேட்டில் விழுமா என்பதை முடிவு செய்வது காற்றைப் படிக்கும் கண். அந்தக் கண் எந்தக் கன்ஸ்மித்திடமும் விலைக்குக் கிடைப்பதில்லை. பெஞ்ச்ரெஸ்ட் போட்டியில், மேசையில் வைத்து மிகச் சிறிய வட்டத்துக்காகவே சுடுகிறவர்களுக்கு இந்த வாதம் பொருந்தாது. அவர்களுக்கு வட்டத்தின் ஒவ்வொரு நூலளவும் முக்கியம். ஆனால் 2012இல் தொடங்கிய பிரிசிஷன் ரைஃபிள் சீரிஸ் போன்ற களப் போட்டிகளில், தடுப்புச் சட்டத்தின் மேலும் கல்லின் மேலும் துப்பாக்கியைச் சாய்த்து இரண்டு நிமிடத்துக்குள் பத்துக் குண்டுகளைச் சுட்டு முடிக்க வேண்டியவருக்கு, நிலைத்து நிற்கும் பழக்கமும் காற்றறிவும் அரை எம்ஓஏயைவிடப் பெரியவை. அந்தப் போட்டித் தொடரிலேயே, விலை வரம்புக்கு உட்பட்ட ஆலைத் துப்பாக்கிகளுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

குழல் நிரந்தரம் என்று நினைப்பது

நான் மிக அதிகமாகக் காணும் தவறு இது. அதிக இழப்பைத் தருவதும் இதுதான். சொல்லிச் செய்த துப்பாக்கியை வாழ்நாள் சொத்தாக எண்ணி வாங்குகிறார்கள். ஆக்‌ஷன் வாழ்நாள் உழைக்கும், கட்டையும் உழைக்கும். குழல் அப்படியன்று. வண்டிக்கு டயர் எப்படியோ, துப்பாக்கிக்குக் குழல் அப்படி. ஒவ்வொரு குண்டும் கிளம்பும்போது எரியும் மருந்தின் வெப்பமும் அழுத்தமும் தோட்டா அறைக்கு முன்னே உள்ள தொண்டைப் பகுதியைச் சிறிது சிறிதாக அரிக்கின்றன. .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கான குழல் 5,000 குண்டுகளுக்கு மேலும் துல்லியத்தோடு இருக்கும். 6.5 கிரீட்மோர் பொதுவாக 2,000 முதல் 3,000 வரை தாங்கும். அதிக மருந்தைச் சிறிய துளையின் வழியாகத் தள்ளும் 6 மிமீ கிரீட்மோர், 1,500ஐ ஒட்டியே களைத்துவிடக்கூடும். இரண்டு நாள் போட்டி ஒன்றில் சுமார் 200 குண்டுகள் செலவாகும் என்னும்போது, பயிற்சியையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு குழல் எத்தனை மாதம் தாங்கும் என்பதை ஒவ்வொருவரும் தாமே சொல்லிவிடலாம்.

இப்போது தோட்டாவின் விலையைப் பாருங்கள். போட்டித் தரத் தோட்டா ஒன்று 2 டாலர் என்று வைத்தால், ஒரே ஒரு குழலைத் தேய்த்து முடிக்க 2,500 குண்டுகளுக்கு 5,000 டாலர் செலவாகும். துப்பாக்கியின் விலையைவிடப் பெரிய தொகை இது. எனவே 6,000 டாலர் கையில் உள்ள ஒருவர் அதை முழுவதும் துப்பாக்கியில் போட்டுவிட்டு, மாதத்துக்கு இருபது தோட்டா வாங்கிச் சுடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற காட்சி. 1,500 டாலருக்கு ஆலைத் துப்பாக்கி, அதற்கு ஈடான நல்ல ஸ்கோப், மீதிக்குத் தோட்டா என்று பிரித்திருந்தால், ஓராண்டு முடிவில் அவர் வேறொரு சுடுநராக ஆகியிருப்பார்.

குழல் தேய்பொருள் என்று ஏற்றுக்கொண்டால், ஆலையா கன்ஸ்மித்தா என்ற இருமுனைக் கேள்வியே தளர்ந்துவிடுகிறது. 1958இல் அறிமுகமான சாவேஜ் 110 துப்பாக்கியில் குழல் ஒரு நட்டினால் இறுக்கப்பட்டிருக்கிறது. சரியான குறடும், அறையின் ஆழத்தைச் சோதிக்கும் அளவுகோல்களும் இருந்தால், பொறுமையுள்ள ஒருவர் அதன் குழலை வீட்டிலேயே மாற்றிவிடலாம். ரூகர் பிரிசிஷன் ரைஃபிளும் இதே முறையைப் பின்பற்றுகிறது. புதிய தனி ஆக்‌ஷன்கள் பலவற்றை மிக நெருக்கமான அளவில் வெட்டுவதால், ஆக்‌ஷனை அனுப்பாமலே அதற்கான தயார்க் குழலை வரவழைத்துப் பூட்டிக்கொள்ள முடிகிறது. ஆலைத் துப்பாக்கியில் தொடங்கி, முதல் குழல் தேய்ந்ததும் கைவினைத் தரக் குழல் ஒன்றைப் போட்டுக்கொள்ளும் இந்த நடுவழி, பெரும்பாலானோருக்கு மிகப் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து.

விவரங்களை விற்பவரிடம் விட்டுவிடுவது

குழலின் முறுக்கு அளவைப் பார்க்காமல் வாங்குவது ஆலைத் துப்பாக்கி வாங்குகிறவர்களுக்கே உரிய பிழை. குழலுக்குள் புரிகள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று சுற்றுகின்றன என்பதுதான் முறுக்கு. நீளமான, கனமான குண்டுக்கு வேகமான முறுக்கு வேண்டும். .223 தோட்டாவைச் சுடும் பழைய ஆலைத் துப்பாக்கிகள் பலவற்றில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற முறுக்கே இருந்தது. அது 55 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் சிறிய அலகு) குண்டுக்குப் போதும், தொலைவில் காற்றைத் தாங்கும் 75, 80 கிரெயின் குண்டுகளை நிலைப்படுத்தப் போதாது. அவற்றுக்கு 8 அல்லது 7 அங்குல முறுக்கு வேண்டும். சேசிஸையும் டிரிகரையும் எத்தனை முறை மாற்றினாலும் இந்தக் குறை தீராது.

சொல்லிச் செய்பவர்களின் பிழை இதற்கு நேர்மாறானது; ரீமரைப் பற்றிக் கேட்காமல் விடுவது. தோட்டா அறையை வெட்டும் ரீமரின் அளவைப் பொறுத்துத்தான், அந்தத் துப்பாக்கி கடைத் தோட்டாவை ஏற்குமா என்பது முடிவாகிறது. தோட்டாக் கூட்டின் கழுத்துக்கு மிக நெருக்கமாக வெட்டிய அறையில், கழுத்தைக் கடைந்து மெலிதாக்கிய கூட்டைத்தான் போட முடியும். கடைத் தோட்டாவை அதில் வலிந்து திணித்தால், குண்டை விடுவிக்கக் கழுத்துக்கு விரிய இடமின்றி அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். தோட்டாவைத் தாமே நிரப்பும் வழக்கமில்லாதவர் இத்தகைய அறையைக் கேட்கவே கூடாது.

எடையிலும் ஏமாற்றம் உண்டு. போட்டியாளர்கள் பலரின் துப்பாக்கி 20 பவுண்டைத் தாண்டும். கனம் பின்னுதைப்பை அடக்கி, குண்டு விழும் இடத்தை ஸ்கோப்பிலேயே பார்க்க உதவுகிறது. அதே துப்பாக்கியை மான் வேட்டைக்கு மலையேற்றிக் கொண்டுபோக முடியாது. இரண்டுக்கும் ஒன்று என்று சொல்லிச் செய்தவர்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் உதவாத ஒன்றைப் பெற்றிருக்கிறார்கள். டிரிகரிலும் இதே கவனம் வேண்டும்: போட்டி மேடையில் ஒரு பவுண்டுக்கும் குறைவான இழுவை வசதியாக இருக்கலாம், கையுறை போட்ட விரலோடு காட்டில் நடக்கிறவருக்கு அது ஆபத்து.

பாதுகாப்பைப் பற்றி இன்னொன்று. ரெமிங்டன் நிறுவனம் 2014 ஏப்ரலில், எக்ஸ்மார்க் ப்ரோ டிரிகர் பொருத்தி 2006 மே மாதம் முதல் செய்த துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்றது. டிரிகரை இழுக்காமலே வெடிக்கும் வாய்ப்பு இருந்ததுதான் காரணம். பெரிய ஆலை தவறு செய்யாது என்பதில்லை. ஆனால் வரிசை எண்ணை வைத்து வாங்கியவர்களைத் தேடிப்பிடிக்க அதற்கு வழி இருக்கிறது. தனியொரு கைவினைஞரிடம் செய்தால், எந்தப் பாகம் யாருடையது, எந்த ரீமர், எந்த ஆழம் என்ற குறிப்பை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நம் பொறுப்பு. நாளை வேறொருவர் அடுத்த குழலைப் பொருத்தவும், துப்பாக்கியை விற்க நேர்ந்தால் வாங்குகிறவரை நம்பவைக்கவும் அந்தத் தாள்தான் உதவும்.

இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள், உடல் அளவு சராசரியிலிருந்து மிகவும் விலகியவர்கள், முதல் குழலைத் தேய்த்து முடித்துத் தமக்கு வேண்டியதைத் தெளிவாக அறிந்தவர்கள் ஆகியோர் தயங்காமல் சொல்லிச் செய்யலாம். அப்படிச் செய்யும்போது, சுட விரும்பும் குண்டை விரும்பும் நீளத்தில் கூட்டில் பொருத்தி, மருந்தும், அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத மாதிரித் தோட்டா ஒன்றைக் கன்ஸ்மித்துக்கு அனுப்புங்கள். மேகசினுக்குள் அது தடையின்றி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டே அனுப்புங்கள். தொண்டையை அதற்கேற்ப அவர் வெட்டுவார். சொன்ன தேதியில் துப்பாக்கி வராமல் போட்டிப் பருவம் ஒன்று முழுவதும் கழிந்துவிடுவது இத்தொழிலில் சாதாரணம். ஆகவே புதியது கைக்கு வந்து, முதல் நூறு இருநூறு குண்டுகளில் கூடிக்கொண்டே போகும் குண்டு வேகம் நிலைத்து, தொலைவுக் கணக்குகள் சரிபார்க்கப்படும்வரை பழைய ஆலைத் துப்பாக்கியை விற்றுவிடாதீர்கள்.