கீபோர்டும் குரலும் போதும்: வீட்டிலேயே முதல் ஆல்பம் பதிவு செய்ய

ஆல்பம் போட ஆசைப்படும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த மைக் வாங்கலாம், அண்ணா?" மைக்கை அப்புறம் பார்க்கலாம். முதலில் அமெரிக்கப் பாடகி கரோல் கிங்கின் 'டேப்ஸ்ட்ரி' ஆல்பத்தை, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரே மூச்சில் கேளுங்கள். 12 பாட்டு, முக்கால் மணி நேரம்.

1971 ஜனவரியில், லாஸ் ஏஞ்சல்ஸில், சுமார் மூன்றே வாரத்தில் பதிவானது. அதற்கு முன் பத்து வருடம் அவர் பெரும்பாலும் மற்றவர்களுக்காகத்தான் பாட்டு போட்டுக்கொண்டிருந்தார்; தானே பியானோ வாசித்துப் பாடி டெமோ (மாதிரிப் பதிவு) எடுத்துக் கொடுப்பார். தயாரிப்பாளர் லூ அட்லருக்கு அந்த டெமோக்கள் மேலேயே பிரியம். ஆல்பமும் அப்படியே, அவர் பியானோ முன்னால் உட்கார்ந்து நமக்காகப் பாடுகிற மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தார். வெளியான சில மாதங்களில் அமெரிக்காவில் தொடர்ந்து 15 வாரம் முதலிடம், 1972இல் நான்கு கிராமி விருது.

சரி, உங்கள் பாட்டுகளுக்கு வருவோம். ஒவ்வொன்றையும் கீபோர்டும் குரலும் மட்டும் வைத்துப் போனில் பதிவு செய்து, இரண்டு நாள் கழித்துக் கேளுங்கள். அப்போது நிற்காத பாட்டை எந்த வாத்தியமும் தூக்கி நிறுத்தாது, எடுத்துவிடுங்கள். எட்டு தேறினாலே ஆல்பம்தான்.

அடுத்தது அறை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் அறை தெருவைப் பார்த்தது. ஆட்டோ, பால்காரர், கோயில் மணி எல்லாம் மைக்கில் ஏறும். இரவு பத்தரைக்கு மேல்தான் பதிவு செய்வேன். ஜன்னலுக்குக் கனமான போர்வை, சுவரோரம் மெத்தையை நிறுத்தி, ஃபேனை அணைத்துவிட வேண்டும். வியர்க்கும்தான், ஆனால் ஃபேன் சத்தத்தைப் பிறகு எந்த சாஃப்ட்வேராலும் குரலைக் கெடுக்காமல் முழுசாக எடுக்க முடியாது. நம்ம ஊர் உப்புக்காற்றில் கேபிள் பின் பச்சை பூத்துக் கரகரக்கும். ஒவ்வொரு முறையும் உலர்ந்த துணியால் துடையுங்கள், மைக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரம், நடுவில் பாப் ஃபில்டர் ('ப' சொல்லும்போது வரும் காற்றைத் தடுக்கும் வலை). உரக்கப் பாடும் இடத்திலும் ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் காட்டும் லெவல் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டக் கூடாது. கீபோர்டை நேராக இன்டர்ஃபேஸில் (சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் பெட்டி) செருகி, வாசித்துக்கொண்டே பாடி முழு டேக்காக, அதாவது முதலிலிருந்து கடைசிவரை ஒரே பதிவாக, எடுங்கள். துண்டு துண்டாக எடுத்து ஒட்டினால் மூச்சு வரும் இடம் பொய்யாகிவிடும். மூன்று டேக்கில் ஒன்று கண்டிப்பாக உயிரோடு இருக்கும்.

மற்ற வாத்தியங்களில்தான் பலரும் சறுக்குகிறோம். என் முதல் பாட்டில் ஸ்ட்ரிங்ஸ், பேட் (பின்னால் நீளமாக ஒலிக்கும் சின்த் சத்தம்), இரண்டு டிரம் லூப் என்று 20 டிராக் ஏற்றியிருந்தேன். அம்மா கேட்டுவிட்டு, "வரி ஒண்ணும் புரியலையேப்பா" என்றார். அன்றிரவே ஒவ்வொன்றாக மியூட் செய்துகொண்டே வந்தேன், நான்கு டிராக் மிச்சம் இருந்தபோதுதான் பாட்டு வெளியே வந்தது. 'டேப்ஸ்ட்ரி'யிலும் கிட்டார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் உண்டு, சில இடத்தில் சாக்ஸபோனும் உண்டு, ஆனால் எதுவும் பியானோவை மறைத்துக்கொண்டு நிற்காது. பின்னணிக் குரல் வேண்டுமானால் நீங்களே இன்னொரு முறை பாடிச் சேர்த்துக்கொள்ளுங்கள், கரோல் கிங்கும் பல இடங்களில் அப்படித்தான் செய்தார். ஒரு பாட்டுக்கு மட்டும் நண்பரைக் கூப்பிடலாம். அவருக்கு ஜேம்ஸ் டெய்லரும் ஜோனி மிட்செலும் வந்து பாடினார்கள்!

அட்டைப் படத்துக்கும் ஸ்டுடியோ தேட வேண்டாம். 'டேப்ஸ்ட்ரி' அட்டையில் கரோல் கிங் தன் வீட்டு ஜன்னலோரம் ஜீன்ஸும் வெறுங்காலுமாக உட்கார்ந்திருப்பார், முன்னால் அவர் வளர்த்த பூனை.

மிக்ஸிங்கில், அதாவது எல்லாச் சத்தத்தையும் அளவாகக் கலக்கும்போது, குரலையும் கீபோர்டையும் முதலில் சரிசெய்துவிட்டு, மற்றதை மெல்ல ஏற்றி, காதில் விழுந்த இடத்தில் ஒரு துளி இறக்கி நிறுத்துங்கள். அப்புறம் அதைப் போனில் ஏற்றிக்கொண்டு, மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகளை நிறுத்திவிடுவார்களே, அப்போது கடற்கரைச் சாலைக்குப் போங்கள். பாறை மேல் உட்கார்ந்து, ஹெட்போன் இல்லாமல், போன் ஸ்பீக்கரில் குறைந்த சத்தத்தில் போடுங்கள். அலைக்கு நடுவே ஏதாவது ஒரு வரி புரியவில்லை என்றால் அதைக் குறித்துக்கொண்டு வந்து, இரவு பத்தரைக்கு அந்த இடத்தை மறுபடி திறந்து பாருங்கள்.