ஒரு மரத்தைச் சுற்றி ஏழு முக்கோணங்கள்: ஜியோஜீப்ராவில் யூக்ளிட் அல்லாத வடிவியல்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் செம்பனைக் கன்றுகளைச் சமபக்க முக்கோண அமைப்பில், ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் நடுவது வழக்கம். ஒவ்வொரு மரத்தையும் சுற்றி 60 பாகை கொண்ட ஆறு முக்கோணங்கள் அமைந்துவிடுவதால், ஏழாவதற்கு இடமிருப்பதில்லை. ஒரு கோட்டிற்கு வெளியேயுள்ள புள்ளி வழியே அதற்கு ஒரேயொரு இணைகோடுதான் உண்டு என்னும் யூக்ளிட்டின் இணைகோட்டு எடுகோளைக் கைவிட்டு, லோபசெவ்ஸ்கி 1829-இலும் போல்யாய் 1832-இலும் வெளியிட்ட வடிவியலில் ஏழும் பொருந்தும். அதை ஜியோஜீப்ரா என்னும் இலவசச் செயலியில் நாமே வரைந்து பார்க்கலாம்.

முதலில் உள்ளீட்டுப் பெட்டியில் (0.3; 0°), (0.3; 120°), (0.3; 240°) என்று ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யுங்கள். நடுவில் வருவது அரைப்புள்ளி; காற்புள்ளி இட்டால் புள்ளிகள் வேறெங்கோ போய்விடும். ஏ, பி, சி ஆகிய மூன்று புள்ளிகள் தோன்றியதும், ஆதிப்புள்ளியை மையமாகக் கொண்டு ஆரம் 1 உள்ள வட்டத்தை வரையுங்கள். இவ்வட்டத்தின் உட்புறமே நம் தளம் முழுவதும். அதன் விளிம்பு எத்தனை தூரம் நடந்தாலும் எட்டாதது.

அடுத்த படியில்தான் என்னிடம் பயிலும் படிவம் நான்கு மாணவர்கள் பெரும்பாலும் தயங்குகிறார்கள். ஆகவே நிதானமாகச் செய்யுங்கள். இத்தளத்தில் நேர்கோடு என்பது, விளிம்பைச் செங்கோணத்தில் சந்திக்கும் வட்டவில். 'ரிஃப்ளெக்ட் அபவுட் சர்க்கிள்' கருவியை எடுத்து, ஏ-யையும் பிறகு வட்டத்தையும் சொடுக்கினால், ஏ-யின் பிம்பம் வட்டத்திற்கு வெளியே, மையத்திலிருந்து 3.33 அலகு தொலைவில் தோன்றும். 0.3, 3.33 ஆகிய இரு தொலைவுகளின் பெருக்கற்பலன் 1, அதாவது ஆரத்தின் வர்க்கம். இந்த நிபந்தனை நிறைவேறுவதால்தான், ஏ-யும் அதன் பிம்பமும் இருக்கும் எந்த வட்டமும் விளிம்பைச் செங்கோணத்தில் வெட்டுகிறது. எனவே ஏ, பி, பிம்பம் ஆகிய மூன்றின் வழியே ஒரு வட்டமும், ஏ, சி, அதே பிம்பத்தின் வழியே இன்னொரு வட்டமும் வரையுங்கள். மூன்றாம் பக்கத்திற்குப் பி-யின் பிம்பம் தேவைப்படும். (இரு புள்ளிகளும் மையமும் ஒரே கோட்டில் அமைந்தால் வட்டம் கிடைக்காது, அங்கே விட்டமே நேர்கோடு.)

இனி, ஏ-யில் சந்திக்கும் இரு வட்டங்களுக்கும் 'டேன்ஜன்ட்ஸ்' கருவியால் தொடுகோடுகள் வரைந்து, முக்கோணத்தின் உட்புறக் கோணத்தை அளந்து பாருங்கள். 51.47 பாகை என வரும். 360-ஐ ஏழால் வகுத்தால் 51.43, மூன்று புள்ளிகளிலும் 0.3-க்குப் பதிலாக 0.3007 இட்டால் அதுவே கிட்டும்.

அதே இடத்தில் 0.6 இட்டால் கோணம் 30.4 பாகையாகவும், 0.9 இட்டால் 6.9 பாகையாகவும் சுருங்கும். கோணங்களின் கூட்டுத்தொகை 180-இலிருந்து எவ்வளவு குறைகிறதோ, அதற்கு நேர் விகிதத்தில் முக்கோணத்தின் பரப்பளவு கூடுகிறது. கூட்டுத்தொகை சுழியத்திற்குக் கீழே செல்ல முடியாது என்பதால், பக்கங்களை எவ்வளவு நீட்டினாலும் பரப்பளவு ஒரு வரம்பைத் தாண்டுவதில்லை.