றோட்டோரப் பெட்டிக்குப் படம் கீறப் போறீங்களா, முதல்ல தகட்டப் பாருங்க

மட்டக்களப்பு டவுணுக்குள்ளயோ கல்லடிப் பக்கமோ போகக்குள்ள றோட்டோரத்தில சாம்பல் கலர்ல டெலிபோன் லைன் பெட்டி நிக்கும், அரைவாசி துரு, மிச்சத்தில டியூசன் நோட்டீசும் கண்ணீர் அஞ்சலியும். அதில படம் கீறினா நல்லாத்தான் இரிக்கும், ஒஸ்ரேலியாவில பிரிஸ்பேன் பக்கம் சிக்னல் பெட்டியள்ல 1999ல இருந்தே ஊராக்களே கீறுறாங்க. ஆனா 2019 கடைசியில நாடு முழுக்க பொடியனுகள் மதில் மதிலாக் கீறினாங்களே, அந்த நினைப்போட பெட்டியத் தொட்டா ஏமாந்திருவீங்க. மதில் பெயின்ட உறிஞ்சும், தகடு உறிஞ்சாது. படம் எவ்வளவு வடிவா இருந்தாலும் கீழ அடிச்சது சரியில்லாட்டி அடுத்த மாரிக்கு பாளம் பாளமாக் கழண்டிரும்.

அனுமதி ரெண்டு இடத்தில எடுக்கணும். ஒண்டு பெட்டிக்குச் சொந்தக்கார டெலிபோன் கொம்பனியிட்ட, மற்றது றோட்டுக்குப் பொறுப்பானவங்களிட்ட. டவுண் உள்றோட்டெண்டா மாநகர சபை, கல்முனைப் பக்கம் போற மெயின் றோட்டு ஏ4 எண்டபடியா வீதி அபிவிருத்தி அதிகார சபை. பெட்டிட போட்டோ, அதில அடிச்சிருக்கிற நம்பர், டிசைன்ட கொப்பி எல்லாம் வெச்சு கடிதம் குடுங்க, பதிலையும் எழுத்திலதான் வாங்கணும், ஏனெண்டா "சரி தம்பி கீறுங்க" எண்டு வாயால சொன்னவர் மாற்றலாகிப் போனா மறுகா ஆரிட்டப் போய் நிக்கிற? கரண்ட் பெட்டி, ட்ரான்ஸ்போமர் பக்கம் போகவே வேணாம்.

டிசைன் போட முதல் பெட்டிய அளந்து மட்டையில சின்னதா ஒண்டு செஞ்சு பாருங்க. கதவு இடுக்கு, பூட்டு, காத்துப் போற சல்லடை எங்கெங்க வருதெண்டு அப்பதான் விளங்கும், இல்லாட்டி முகத்துக்கு நடுவில பூட்டு வந்து நிக்கும். மட்டக்களப்புக்கு அடையாளமான பாடும்மீன் படம் ஊர் முழுக்க ஏற்கனவே இரிக்கு, அத விட்டிட்டு அந்தத் தெருவுக்கு உரியதா ஏதும் யோசிங்க. வடமோடிக் கூத்தில ஆடுறவங்க போடுற கரப்புடுப்பு, கூடை மாதிரி சுத்தி விரிஞ்சு நிக்கிற உடுப்பு எண்டா நாலு பக்கமும் சுத்தி வரும், பெட்டிக்கெண்டே தைச்ச மாதிரி இரிக்கும். கட்சிக் கலர் வேணாம், ஒரு சமயத்துச் சின்னம் மட்டும் போடுறதும் வேணாம், தமிழாக்களும் முஸ்லிமாக்களும் போய்வாற றோட்டு. கறுப்பு, கடும் நீலம் எண்டு முழுக்க அடிச்சிராதீங்க, வெயிலுக்கு உள்ளுக்க இருக்கிற சாமான் அவிஞ்சு போகும்.

இனித்தான் உண்மையான வேலை. கடல் பக்கத்துப் பெட்டியில உப்புப் படிஞ்சிரிக்கும், கண்ணுக்குத் தெரியாது, அதுக்கு மேல பெயின்ட் அடிச்சா கொப்பளிக்கும். நோட்டீசையெல்லாம் ஊறவெச்சு சுரண்டி எடுத்து, சோப்புத் தண்ணியால தேச்சு, நல்ல தண்ணியால ரெண்டு தரம் கழுவுங்க, சல்லடைப் பக்கம் தண்ணி அடிக்காம ஈரத்துணியால மட்டும் துடைக்கணும். காய்ஞ்ச பிறகு துரு இருக்கிற இடத்த வயர் பிரஷால உரசி, மற்ற இடத்த 180, 220 நம்பர் சாண்ட் பேப்பரால மினுமினுப்புப் போறளவுக்கு மட்டும் தேய்ங்க. கடைசியா தின்னர் துணியால ஒரு துடை.

பிரைமர்லதான் கனபேர் பிழைக்கிற. துருப்பிடிச்ச வெறும் இரும்புக்கு ரெட் ஒக்சைட் சரி. ஆனா பழைய பெயின்ட் உரிஞ்சு கெல்வனைஸ் தகடு, அதான் நாகம் (சிங்க்) பூசின இரும்பு, வெளிய தெரிஞ்சா அதுக்கு எண்ணெய் எனாமல நேர அடிக்கப்படாது, எண்ணெயும் நாகமும் சேர்ந்து இடையில சவர்க்காரம் மாதிரி ஒரு படை வந்து முழுத்தோலும் கழண்டிரும். ஹாட்வெயார்ல கெல்வனைஸ் தகட்டுக்கெண்டு பிரைமர் கேட்டு வாங்குங்க, விலை கொஞ்சம் கூடத்தான். அதுக்கு மேல வெளிச்சுவருக்கு அடிக்கிற அக்ரிலிக் எமல்ஷன்.

எவ்வளவு பெயின்ட் வேணுமெண்டா, 120 சென்றிமீற்றர் உயரம், 80 அகலம், 40 ஆழம் உள்ள பெட்டிக்கு மேல்பக்கத்தோட சேர்த்து 3.2 சதுர மீற்றர்தான் வரும். ஒரு லீற்றர் ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 10 சதுர மீற்றர் பிடிக்கும், அப்ப பின்னணிக் கலர் ஒரு லீற்றர் எண்டா மூண்டு கோட்டுக்குக் காணும். மற்றக் கலரெல்லாம் சின்ன டின் போதும்.

பூட்டு, பிணைச்சல், நம்பர், எச்சரிக்கைப் போர்ட் எல்லாத்தையும் மாஸ்கிங் டேப்பால மூடுங்க. சல்லடை ஓட்டைக்குள்ள பெயின்ட் போகப்படாது, கதவு இடுக்க பெயின்டால ஒட்டிராதீங்க, லைன் திருத்த வாறவர் அலவாங்கு போட்டுத் திறந்தா உங்கட படம்தான் கிழியும். ஐப்பசி கடைசியில இருந்து தை வரைக்கும் மாரி மழை, இந்த வேலைய நினைக்கவே வேணாம். மற்ற மாசத்தில விடியக்காலம் தொடங்கி வெயில் ஏற முதல் நிப்பாட்டணும், தகடு சுட்டா பிரஷ் இழுக்க முதலே பெயின்ட் காய்ஞ்சு கோடு கோடா நிக்கும். சின்னப் பிள்ளையளும் கீற வந்தா பெட்டிட றோட்டுப் பக்கத்த பெரியாக்களே கீறுங்க.

படம் நல்லாக் காய்ஞ்ச பிறகு வெயில் தாங்குற கிளியர் கோட் ரெண்டு. நோட்டீஸ் ஒட்டினாலும் ஈரத்துணியால எடுக்க லேசு. மிஞ்சின கலர்கள சின்னப் போத்தல்ல ஊத்தி, எது எந்த இடத்துக்கெண்டு எழுதி ஒட்டி, பெட்டிக்குக் கிட்ட இருக்கிற கடைக்காரரிட்ட குடுத்து வையுங்க, மாரி முடிய கீறல் விழுந்த இடத்துக்கு ஒரு தொடு தொட்டாப் போதும்.