எண் அட்டைகளைக் கொண்டு செயல் நினைவைச் சோதிப்பது எப்படி?

பார்த்ததைச் சில நொடிகள் மனத்தில் நிறுத்தி, அதை வைத்தே அடுத்த வேலையைச் செய்யும் திறனுக்குச் செயல் நினைவு என்று பெயர். மொரீஷியஸில் நம் பிள்ளைகள் வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், தமிழ் வகுப்பில் தமிழ் என்று மாறி மாறிப் புழங்குகிறார்கள். தமிழில் எண்ணத் தடுமாறும் பிள்ளைக்கு ஞாபகசக்தி போதாது என்று முடிவுகட்டுவது பெரிய அநியாயம். அதற்குமுன் இதைச் செய்து பாருங்கள். 1958இல் உளவியலாளர் வெய்ன் கிர்ச்னர் கையாண்ட முறை இது. மூளைப் பட ஆய்வுகளில் இன்றும் பயன்படுகிறது.

படி 1. நம் ரூபாய் நோட்டில் இருக்கும் தமிழ் எண்களில் ௧ முதல் ௯ வரை எடுத்துக்கொண்டு, 22 அட்டைகளில் எழுதுங்கள். சில எண்கள் திரும்பத் திரும்ப வரட்டும்.

படி 2. ஒவ்வோர் எண்ணையும் பிள்ளை தயங்காமல் சொல்கிறதா என்று பாருங்கள். இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். ௭ என்ற வடிவத்தை அடையாளம் காணவே திணறினால், நீங்கள் அளப்பது நினைவை அல்ல, எழுத்துப் பழக்கத்தை. மாற வேண்டியது நினைவுச் சுமை மட்டுமே. மற்றவை எல்லாச் சுற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

படி 3. சுமையில்லாத சுற்று. இரண்டரை நொடிக்கு ஓர் அட்டை காட்டுங்கள். ௫ வந்தால் மட்டும் மேசையைத் தட்ட வேண்டும். இதற்குக் கவனம் இருந்தால் போதும்.

படி 4. இப்போது, முந்தைய அட்டையே மீண்டும் வந்தால் தட்ட வேண்டும்.

படி 5. இரண்டு அட்டைக்கு முன் வந்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். வரிசை ௪, ௭, ௪, ௨, ௭, ௨, ௨ என்றால் மூன்றாவதிலும் ஆறாவதிலும் தட்டுவது சரி. கடைசி ௨ ஒரு பொறி: அது உடனே முன்னால் வந்த எண், இரண்டுக்கு முன் வந்ததல்ல. இப்படிச் சில பொறிகளை வேண்டுமென்றே வையுங்கள். ஒவ்வோர் அட்டைக்கும் பழையதைக் கழித்துப் புதியதைச் சேர்க்க வேண்டியிருப்பதால், நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளையின் பக்கவாட்டுப் பகுதியும் உச்சிக்குப் பின்புறமுள்ள சுவர்ப்பகுதியும் இணைந்து கூடுதலாக உழைக்கின்றன. அதே வேளையில், சும்மா இருந்து எதையாவது நினைக்கும்போது சுறுசுறுப்பாகும் இயல்புநிலை வலையமைப்பு அடங்குகிறது. சுமை ஏற ஏற இரண்டு மாற்றங்களும் பொதுவாக வலுக்கின்றன. பிள்ளை பேச்சை நிறுத்தி அட்டையையே பார்ப்பதைக் காண்பீர்கள்; அந்த நேரத்தில் குறுக்கே பேசாதீர்கள்.

படி 6. மூன்று அட்டைக்கு முன். பெரியவர்களே தடுமாறும் இடம். சுமை தாங்கும் அளவைக் கடந்தால் முன்மூளையின் உழைப்பு மேலும் ஏறாமல் குறைவதையும் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. முகம் வாடினால் நிறுத்திவிடுங்கள்.

படி 7. சரியாகத் தட்டியவற்றிலிருந்து தவறாகத் தட்டியவற்றைக் கழித்து, சுற்றுவாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நாள் வேறு வரிசையில், பிள்ளைக்குப் பள்ளியில் பழகிய 1, 2, 3 எண்களால் இதே சுற்றுகளை நடத்துங்கள். அதில் மதிப்பெண் தெளிவாக உயர்ந்தால், இரண்டாம் படிக்குத் திரும்பித் தமிழ் எண்களை இன்னும் பழக்க வேண்டும்.