வெளிநாட்டிலிருந்து செகண்ட் ஹேண்ட் பொருள் வாங்கினால் வரி கட்டுவது எப்படி?

பழைய கேமரா லென்ஸ், அச்சில் இல்லாத புத்தகம், யாரோ பத்து வருடம் வாசித்த வயலின். இப்படி ஒன்றை வெளிநாட்டு விற்பனையாளரிடம் ஆன்லைனில் முதன்முறை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் என்னிடம் கேட்பது இதைத்தான்: "முதலில் வாங்கியவர் வரி கட்டிவிட்டாரே, நான் ஏன் மறுபடியும் கட்ட வேண்டும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் அவர் கட்டிய வரி அவர் நாட்டுக்குப் போனது. உங்கள் நாட்டுக்குள் அந்தப் பொருள் இப்போதுதான் நுழைகிறது. ஜிஎஸ்டி, வாட் உள்ள நாடுகளில் இறக்குமதிக்கும் அந்த வரி உண்டு. பொருள் புதிதா பழையதா என்பது பொதுவாகக் கணக்கில் வராது.

படி 1: கொண்டுவர அனுமதி உண்டா?

வரியை யோசிக்கும் முன் இதைப் பாருங்கள். சில நாடுகளில் பழைய பொருள்களுக்கென்றே தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. உதாரணமாக, பழைய கணினி, லேப்டாப், நகலெடுக்கும் இயந்திரம் போன்றவற்றை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்ய அனுமதி வேண்டும். உங்கள் நாட்டுச் சுங்கத் துறையின் தளத்தில் பொருளின் பெயரைப் போட்டுத் தேடினால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

படி 2: வரியை யார் வசூலிக்கப் போகிறார்கள்?

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. வரி இரண்டு இடங்களில் ஒன்றில் வசூலாகும். ஒன்று, பணம் கட்டும்போதே விற்பனைத் தளம் பிடித்துக்கொள்ளும். இல்லையென்றால் பார்சல் வந்து சேரும்போது சுங்கத் துறைக்காகத் தபால்காரரோ கூரியரோ கேட்பார்கள்.

எந்த வழி என்பதைப் பெரும்பாலும் ஒரு தொகை வரம்பு தீர்மானிக்கிறது. ஆஸ்திரேலியாவில் அது 1,000 ஆஸ்திரேலிய டாலர். 2018 ஜூலையிலிருந்து, அதற்கு உட்பட்ட பொருள்களுக்குப் பதிவு செய்த தளங்களே 10% ஜிஎஸ்டியைப் பிடித்துக்கொள்கின்றன. நியூசிலாந்தில் 1,000 நியூசிலாந்து டாலர், சிங்கப்பூரில் 400 சிங்கப்பூர் டாலர். பிரிட்டனில் 135 பவுண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 150 யூரோ. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஒரே பார்சலில் வரும் எல்லாப் பொருள்களின் விலையையும் கூட்டித்தான் வரம்பைப் பார்ப்பார்கள். இரண்டு லென்ஸைச் சேர்த்து அனுப்பச் சொல்லும் முன் இதை யோசியுங்கள்.

அமெரிக்கா இதில் வேறு மாதிரி. அங்கே விற்பனை வரி மாநிலங்களுடையது. விற்பவர் அதைப் பிடிக்காவிட்டால், விற்பனை வரி உள்ள மாநிலங்களில் வாங்குபவரே 'பயன்பாட்டு வரி' என்ற பெயரில் மாநிலத்துக்குக் கட்ட வேண்டும். மாநில வருமான வரிப் படிவங்கள் பலவற்றில் இதை எழுதுவதற்கென்றே தனி இடம் இருக்கும். 800 டாலருக்குள் வந்தால் சுங்க வரி இல்லை என்று அங்கே இருந்த சலுகையும் 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டது. அதனால் பழைய கட்டுரைகளில் படித்த வரம்பை நம்பிப் பணம் கட்டாதீர்கள். வாங்கும் அன்று சுங்கத் துறைத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

நடைமுறையில் செய்ய வேண்டியது எளிது. பணம் கட்டும் பக்கத்தில் 'வரி' என்று தனியாக ஒரு தொகை காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால், உடனே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

படி 3: மொத்தம் எவ்வளவு ஆகும்?

எல்லையில் வசூலாகும் வரி, பொருளின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை. பல நாடுகளில் அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்ப்பார்கள். அதன்மேல் சுங்க வரி, அந்த மொத்தத்தின் மேல் ஜிஎஸ்டி அல்லது வாட்.

எண்களை மட்டும் வைத்துப் பார்ப்போம். பொருள் 200, அனுப்பும் செலவு 40, காப்பீடு 10. மொத்தம் 250. சுங்க வரி 4% என்றால் 10. இப்போது 260. அதில் 10% ஜிஎஸ்டி 26. ஆக 286. இதோடு முடியவில்லை. உங்கள் சார்பில் வரியைக் கட்டியதற்குக் கூரியர் ஒரு கையாளும் கட்டணம் கேட்பார். அது 15 என்றால், 200க்கு வாங்கிய பொருள் கைக்கு வரும்போது 301. விலை குறைந்த பொருள்களில் இந்தக் கட்டணம் வரியையே மிஞ்சிவிடும். கூரியர் தளத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

நூறு வயதைத் தாண்டிய பொருள் என்றால் கொஞ்சம் கூடுதல் சிரமம் எடுப்பது லாபம். சுங்க வகைப்பாட்டில் அவற்றுக்கு 9706 என்று தனித் தலைப்பு உண்டு. பிரிட்டன் போன்ற சில இடங்களில் வரியும் குறைவு. வயதுக்கான ஆதாரத்தை விற்பவரிடம் முன்பே வாங்கிவிடுங்கள்.

படி 4: விலைக்கு ஆதாரம் சேர்த்து வையுங்கள்

பழைய பொருளுக்கே உரிய சிக்கல் இது. உலக வர்த்தக அமைப்பின் மதிப்பீட்டு ஒப்பந்தப்படி, நீங்கள் உண்மையில் கொடுத்த விலைதான் அடிப்படை. ஆனால் பெட்டியைத் திறக்கும் அதிகாரிக்கு, கடையில் பல மடங்கு விலையுள்ள லென்ஸ் ஒன்று தெரிகிறது. தாளிலோ குறைந்த தொகை. சந்தேகம் வருவது இயல்பு.

அதனால் விற்பனைப் பக்கத்தை முழுதாகச் சேமியுங்கள். அதில் 'பயன்படுத்தியது' என்ற குறிப்பும், கீறல்கள் தெரியும் படங்களும் இருக்க வேண்டும். பணம் கட்டிய ரசீதும், விற்பவரோடு பேசிய செய்திகளும் கூடவே இருக்கட்டும். பார்சலுக்கு மேல் ஒட்டும் சிஎன் 22 அல்லது சிஎன் 23 சுங்கப் படிவத்தில் பொருளின் பெயர், பழையது என்ற குறிப்பு, கொடுத்த விலை மூன்றையும் எழுதும்படி விற்பவரிடம் கேளுங்கள்.

"பரிசு என்று எழுதி அனுப்பட்டுமா? விலையைக் குறைத்துப் போடட்டுமா?" என்று சில விற்பனையாளர்கள் நல்லெண்ணத்தோடு கேட்பார்கள். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது பொய் அறிவிப்பு. அபராதம் வரலாம், பொருளே பறிபோகலாம். வழியில் தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்கே கிடைக்கும்.

படி 5: பார்சல் வந்ததும்

வரி கேட்டுச் செய்தி வந்தால், அதில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். சுங்கத்தின் பெயரில் போலிச் செய்திகள் நிறைய வருகின்றன. தபால் அல்லது கூரியர் தளத்தை நீங்களே திறந்து, டிராக்கிங் எண்ணைப் போட்டுப் பாருங்கள். உண்மையான பாக்கி அங்கே தெரியும். கட்டியதும் ரசீதைச் சேமியுங்கள்.

அப்புறம், இரட்டை வரி. எனக்கே நடந்தது. ஒரு பழைய லென்ஸுக்குத் தளம் வரியைப் பிடித்துவிட்டது, வாசலில் கூரியரும் கேட்டார். அவசரத்தில் கட்டிவிட்டேன். தளம் வரி பிடித்த விவரம் பார்சல் தகவலில் ஏறவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அன்று எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டும் இன்வாய்ஸும்தான் பணத்தைத் திருப்பிக் கொடுத்தன, அதுவும் பல வாரம் கழித்து. வரி ஏற்கெனவே கட்டியிருந்தால், கூரியரிடம் பணம் கொடுக்கும் முன்பே ஆதாரத்தைக் காட்டுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்கள் 'ஐஎம்' என்று தொடங்கும் ஐஓஎஸ்எஸ் எண் (தளம் வரி பிடித்துவிட்டது என்று காட்டும் பதிவு எண்) பார்சலின் மின்னணுத் தகவலில் சேர்ந்திருக்கிறதா என்று விற்பவரிடம் அனுப்பும் முன் கேட்டுவிடுங்கள்.

பொருளைத் திருப்பி அனுப்பினால்

தளம் பிடித்த வரி பொதுவாக விலையோடு சேர்ந்து தளத்திடமிருந்தே திரும்பும். எல்லையில் கட்டியதற்குச் சுங்கத் துறையிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கெடு உண்டு. வரி ரசீதோடு, பொருள் நாட்டைவிட்டு வெளியேறியதற்கான தபால் சான்றும் கேட்பார்கள். கையாளும் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. திருப்பி அனுப்பும் பெட்டியின் சுங்கப் படிவத்தில் 'திருப்பி அனுப்பும் பொருள்' என்று எழுத மறக்காதீர்கள், இல்லையென்றால் அந்தப் பக்கத்தில் விற்பவர் தன் சொந்தப் பொருளுக்கே வரி கட்ட நேரிடும்.