சபையில் ஒருவருக்கு டயாலிசிஸ் தொடங்கினால்

"ஜெபித்துக்கொள்கிறோம் பிரதர்" என்று கைகுலுக்கிவிட்டுக் காரில் ஏறிப் போவது மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலும் உண்டு. பசியோடு நிற்பவரிடம் சமாதானத்தோடே போ என்று சொன்னால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு கேட்டது நம்மையும்தான். மாதர் சங்கத்தில் சமையலும் வண்டி ஏற்பாடும் என் தலையில் விழுந்தவை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். எருசலேம் சபையில் கிரேக்கம் பேசும் விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டபோது, "எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அப்போஸ்தலர்கள் விட்டுவிடவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். நமக்கு ஒருவர் போதும், போன் அடித்தால் எடுக்கிறவராக இருக்கட்டும்.

அடுத்தது வண்டி. டயாலிசிஸ், அதாவது இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்திகரிப்பது, பெரும்பாலும் வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். பக்கத்தில் இடம் கிடைக்காவிட்டால் ஈப்போ வரை போக வேண்டும். கொண்டுபோய் விடுபவர் ஒருவர், கூட்டி வருபவர் இன்னொருவர் என்று பிரித்துவிடுங்கள். காலையில் செம்பனைத் தோட்டத்தில் நிற்பவருக்கு மதியம் தோதாக இருக்கும். திரும்பும்போது தலைசுற்றும், சிலருக்குக் கால் இழுத்துப் பிடிக்கும், அதனால் வழியில் தே தாரிக் குடிக்க நிறுத்த வேண்டாம். ஊசி ஏற்றும் கையைப் பிடித்து எழுப்பக் கூடாது, அந்தக் கையில் பையும் கொடுக்கக் கூடாது.

சாப்பாட்டில்தான் நம் பாசம் வம்பாகும். பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் வாழைப்பழச் சீப்பும் இளநீரும் வாங்கிப் போவார்கள். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் வேலை செய்யாதபோது அது இரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே கெடுக்கும். கருவாடு, ஊறுகாய், கீச்சாப் (சோயா சாஸ்) எல்லாம் உப்பு. உப்பு சேர்ந்தால் தாகம் எடுக்கும், அவருக்கோ தண்ணீர் அளவோடுதான். ரசமும் அந்த அளவில் சேரும். காயைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளியுங்கள். முட்டை, மீன், கோழி பெரும்பாலும் தேவைதான், ஏனென்றால் டயாலிசிஸில் புரதம் கொஞ்சம் போய்விடும். ஆளுக்கு ஆள் அளவு மாறும். ஆஸ்பத்திரியில் கொடுத்த உணவுத் தாளை, அவர் மனைவியிடம் கேட்டு, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனியாக நல்ல கோழிப் பிரட்டல் செய்து அனுப்புங்கள், அந்த வீட்டில் எல்லாரும் ஏன் உப்பில்லாமல் சாப்பிட வேண்டும்?

பணத்தை உறையில் போட்டுக் கையில் கொடுங்கள், ஞாயிறு அறிவிப்பில் பெயரை வாசிக்க வேண்டாம். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவுக்குச் சந்தா கட்டியவர் என்றால், தகுதி இருந்தால் டயாலிசிஸ் செலவுக்கு உதவி கிடைக்கும். படிவம் நிரப்ப வாலிபர் ஒருவரை அனுப்புங்கள். பெரியவர்களுக்கு மலாய்ப் படிவத்தைப் பார்த்தாலே கை நடுங்கும்.

முதியவரைத் தகப்பனைப் போலப் பாவிக்கச் சொல்லி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். அப்பாவின் தட்டை எட்டிப் பார்த்து, "இது சாப்பிடலாமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்போமா? பல வருஷம் மண்டோராக, அதாவது மேற்பார்வையாளராக, ஆட்களை வேலை வாங்கியவருக்கு அது பொறுக்காது. அவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். ஆராதனைக்கு வராதவர்களுக்குப் போன் போடும் வேலை அவருக்கு நன்றாகவே வரும்.

அப்புறம், வண்டி ஓட்டுகிறவருக்கு மாதா மாதம் பெட்ரோல் காசு கொடுத்துவிடுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.